சாலைப் பாதுகாப்பு உத்தி: ஒவ்வொரு மரணத்துக்கும் பதில் சொல்பவர் யார்?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் தேசியச் சாலைப் பாதுகாப்பு உத்திக்கான வரைவு, கருத்துக் கேட்புக்காக வந்திருக்கிறது. முதல் அத்தியாயம் விழிப்புணர்வு, இரண்டாவது பள்ளிக் கல்வி, மூன்றாவது அபராத உயர்வு. சாலைக் கட்டமைப்பைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு பக்கம். இந்த வரிசை சரியா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வரிசை தலைகீழாக இருக்கிறது. அத்தியாயங்களை இடம் மாற்றி வைத்தாலும் இது சரியாகிவிடாது, ஏனென்றால் பிழை வரிசைக்கு அடியில் இருக்கிறது. வாகனம் ஓட்டுபவரும் தெருவைக் கடப்பவரும் ஒழுங்காக நடந்துகொண்டால் யாரும் சாகமாட்டார்கள் என்று இந்த வரைவு நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு எழுதப்படும் எந்த உத்தியும் பத்து ஆண்டுகள் கழித்து அதே எண்ணிக்கையில் வந்து நிற்கும்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் விபத்து விவரத்தை முதலில் எழுதுவது காவல்துறை. காவல்துறையின் வேலை, குற்றம் யாருடையது என்று கண்டறிந்து நீதிமன்றத்திடம் ஒப்படைப்பது. ஆகவே அந்தப் படிவம் ஒரு மனிதரைத் தேடுகிறது. தேடினால் கிடைக்காமல் போகாது. ஒரு சிறுமி நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'கவனிக்காமல் குறுக்கே வந்தார்' என்றோ 'அதிவேகமாக ஓட்டினார்' என்றோ படிவம் நிரம்பும். பள்ளி ஒரு பக்கமும் பஸ் நிறுத்தம் மறு பக்கமும் இருப்பதும், நடுவில் கடக்க இடமே இல்லாததும், குடியிருப்புகளுக்கு நடுவே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி தந்ததும் எந்தக் கட்டத்திலும் ஏறாது. அப்படி நிரம்பிய ஆயிரக்கணக்கான படிவங்களைக் கூட்டித்தான் 'பத்தில் ஒன்பது விபத்துகளுக்கு மனிதத் தவறே காரணம்' என்ற வாக்கியம் பிறக்கிறது. யாரைத் தண்டிப்பது என்பதற்கு அந்த வாக்கியம் உதவலாம். அடுத்த சிறுமியை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு அதில் விடை இல்லை.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர்களில் ஒருவர் வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர். 1966இல் அமெரிக்கா தேசிய அளவில் சாலைப் பாதுகாப்புக்கென ஓர் அரசு அமைப்பைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர். நோய்க்குக் கிருமி எப்படியோ, சாலைக் காயத்துக்கு இயக்க ஆற்றல் அப்படி என்றார் அவர். உடல் தாங்கக்கூடிய அளவைவிட அதிக ஆற்றல் உடலுக்குள் பாய்வதுதான் காயம். மோதலுக்கு முன், மோதும் கணத்தில், மோதிய பின் என மூன்று நிலைகள். மனிதர், வாகனம், சூழல் என மூன்று தரப்புகள். இவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அட்டவணையில் வைத்தால் ஒன்பது கட்டங்கள். உங்கள் வரைவை எடுத்து அந்த ஒன்பதிலும் எது எங்கே விழுகிறது என்று குறித்துப் பாருங்கள். விழிப்புணர்வும் பள்ளிக் கல்வியும் அபராதமும் பெரும்பாலும் ஒரே கட்டத்தில், 'மோதலுக்கு முன், மனிதர்' என்ற கட்டத்தில் போய் விழும். மற்ற எட்டும் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். கருத்துக் கடிதத்தில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்.

நெதர்லாந்து 1992இல் 'நீடித்த பாதுகாப்பு' என்ற கொள்கையையும், ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில், சாலையில் ஒரு மரணமும் கூடாது என்ற 'பூஜ்ஜிய இலக்கு' கொள்கையையும் முன்வைத்தபோது செய்தது ஒன்றுதான். மனிதர் தவறு செய்வார் என்பதை மாறாத உண்மையாக ஏற்றுக்கொண்டார்கள். தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி சாலையையும் வாகனத்தையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பை அவற்றை அமைப்பவர்களிடம் வைத்தார்கள். சாலையைப் பயன்படுத்துபவர் விதிகளை மதிக்க வேண்டும் என்ற கடமை போய்விடவில்லை. ஆனால் அவர் அதில் தவறும்போது பொறுப்பு வடிவமைத்தவரிடம் திரும்பி வருகிறது. இந்த ஒரு வரி உங்கள் நாட்டு உத்தியின் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதிலிருந்துதான் வேகத்தைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. வரைவுகள் எல்லாம் நழுவிப் போகும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனித உடலுக்கு ஒரு தாங்குதிறன் உண்டு. வாகனமும் நடப்பவரும் கலக்கும் இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர். கார்கள் பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்பில் 50. எதிரெதிரே வரும் வாகனங்களுக்கு இடையே தடுப்பு இல்லாத சாலையில் 70. ஸ்வீடன் கொள்கையின் முதுகெலும்பே இந்த எண்கள்தான். இவற்றைத் தாண்டினால் மோதலில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனமும், நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் வாகனங்களோடு கலக்கும் பகுதிகளில் 30ஐ உச்ச வேகமாக வைக்கச் சொன்னது.

'50க்கும் 60க்கும் பெரிய வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது?' என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு குழந்தை திடீரெனச் சாலையில் இறங்குகிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி, அதன்பின் உலர்ந்த சாலையில் அழுத்தமான பிரேக். 50இல் வந்த கார் ஏறக்குறைய 28 மீட்டரில் நின்றுவிடும். 60இல் வந்த கார், முதல் கார் நின்ற அதே புள்ளியைக் கடக்கும்போது இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். முதல் காருக்கு எதிரில் குழந்தை பயந்துபோய் நிற்கும். இரண்டாவதன் அடியில் கிடக்கும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 50லிருந்து 60க்குப் போவது ஆற்றலை 44 சதவீதம் கூட்டுகிறது. யோரான் நில்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் வகுத்த சூத்திரத்தின்படி, ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். குறைத்தால் அதே விகிதத்தில் குறையும். ஒரு நாட்டு அரசின் கையில் இதைவிட மலிவான, இதைவிட விரைவாகப் பலன் தரும் கருவி வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் வேக வரம்புப் பலகையை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அகலமாகவும் நேராகவும் போடப்பட்ட சாலை, பலகை என்ன சொன்னாலும், வேகமாகப் போகச் சொல்கிறது. சாலை எந்த வேகத்துக்காகப் போடப்பட்டதோ அந்த வேகத்தில்தான் மக்கள் ஓட்டுவார்கள். தடத்தைக் குறுக்குவது, கடக்கும் இடத்தில் தரையை உயர்த்துவது, நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு வைப்பது, சந்திப்பில் ரவுண்டானா அமைப்பது என வரம்பைச் சாலையிலேயே எழுத வேண்டும். நாற்சந்தி ஒன்றில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டியும் சேர்ந்தும் பிரிந்தும் மோதக்கூடிய புள்ளிகள் 32. அதை ஒற்றைத் தட ரவுண்டானாவாக மாற்றினால் எட்டு. அந்த எட்டிலும் மோதல் குறைந்த வேகத்தில், சாய்வாக நடக்கும். மோதல்கள் அங்கேயும் இருக்கும், சாவு அரிதாகிவிடும்.

நெடுஞ்சாலைகளுக்கும் ஸ்வீடனில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. 13 மீட்டர் அகலமுள்ள பழைய சாலைகளில் எதிரெதிர் மோதல்கள் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தன. எல்லாவற்றையும் நான்குவழிச் சாலையாக்கப் பணம் போதாது. 1998இலிருந்து அதே அகலத்துக்குள் மூன்று தடங்களைக் கோடிட்டு, நடுத்தடத்தைச் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி இரு திசைகளுக்கும் கொடுத்து, இடையில் இரும்புக் கம்பி வடத் தடுப்பு போட்டார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்தச் சாலைகளில் மரணங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. ஓட்டுநர்கள் அதே ஓட்டுநர்கள்தான். தூக்கம் வருபவருக்கு அப்போதும் தூக்கம் வந்தது. தூங்கிப்போனவர் எதிரே வந்த லாரியில் மோதாமல் கம்பி வடத்தில் உரசி நின்றார்.

இனி எண்ணிக்கை. அடித்தளம் பொய்யாக இருந்தால் இலக்கும் பொய்யாகிவிடும். சாலை மரணம் என்றால் விபத்து நடந்த 30 நாள்களுக்குள் அதன் காரணமாக நேரும் மரணம் என்பது உலகம் ஏற்ற வரையறை. அந்த இடத்திலேயே இறந்தவர்களை மட்டும் எண்ணும் நாடுகள் உண்டு. ஆறு நாள்களுக்குள் இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த பிரான்ஸ்கூட 2005இல்தான் 30 நாளுக்கு மாறியது. காவல்துறைப் பதிவும் மருத்துவமனைப் பதிவும் மரணச் சான்றிதழும் தனித்தனி அலமாரிகளில் கிடக்கும் நாட்டில், மருத்துவமனையில் பத்தாம் நாள் இறந்த மனிதர் எந்தக் கணக்கிலும் சேராமல் போகிறார். அதனால்தான் பல ஏழை நாடுகளின் அரசுக் கணக்குக்கும் உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி. அந்த அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகச் சாலைகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர். அதில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்தோ சைக்கிளிலோ இருசக்கர, மூன்று சக்கர வாகனத்திலோ சென்றவர்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணங்களுக்கு முதல் காரணமே சாலைதான்.

மூன்று பதிவுகளையும் இணைக்கும் வேலை முதல் ஆண்டிலேயே நடக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இணைத்த ஆண்டில் மரண எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும். அமைச்சருக்கு அதை முன்கூட்டியே விளக்கி, உத்தியிலும் அச்சிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூடுதல் எண்ணைக் கண்டு பயந்து இணைப்பையே நிறுத்திவிடுவார்கள். பலத்த காயங்களையும் எண்ண வேண்டும். ஒருவர் இறக்கும் இடத்தில் பலர் ஊனத்தோடும் மூளைக் காயத்தோடும் வாழ்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்களும் கூடவே மாறிப்போகின்றன.

இலக்கு விஷயத்தில் வரைவு 'கணிசமாகக் குறைப்போம்' என்று சொல்கிறது என்றால் அது இலக்கே ஆகாது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டில் மரணங்களையும் காயங்களையும் குறைந்தது பாதியாக்குவது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் இதே பத்தாண்டுக்கான உத்தி, மரணத்தை 50 சதவீதமும் பலத்த காயத்தை 30 சதவீதமும் குறைப்பதாக எண்களில் சொல்கிறது. ஆனால் மரண எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஓர் ஆண்டு மழை, பொருளாதார மந்தம், பெட்ரோல் விலை எல்லாம் அதை அசைக்கும். எண் குறைந்தால் எல்லோரும் பெருமை கொண்டாடுவார்கள். கூடினால் பொறுப்பேற்க யாரும் இல்லை. நடுவில் அளக்கக்கூடிய குறியீடுகள் வேண்டும்: வேக வரம்புக்குள் ஓடும் வாகனங்களின் விகிதம், சரியாகக் கொக்கி போட்ட ஹெல்மெட்டுடன் செல்பவர்களின் விகிதம், மது அருந்தாமல் ஓட்டுபவர்களின் விகிதம், தடுப்புள்ள நெடுஞ்சாலைகளில் ஓடும் போக்குவரத்தின் விகிதம். ஸ்வீடனில் இப்படிப்பட்ட குறியீடுகளை ஆண்டுதோறும் அளந்து, எல்லாத் துறைகளும் கூடும் கூட்டத்தில் பொதுவெளியில் வைக்கிறார்கள். எது தேங்குகிறது, எந்தத் துறையிடம் தேங்குகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

துறைகள் என்றதும் இதன் கடினமான பகுதி வருகிறது. சாலையை ஒரு துறை போடுகிறது, உரிமத்தை இன்னொன்று கொடுக்கிறது, அபராதத்தை மற்றொன்று விதிக்கிறது, அடிபட்டவரை வேறொன்று காப்பாற்றுகிறது. எல்லோரும் உறுப்பினராக உள்ள ஒரு குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூடித் தேநீர் அருந்திக் கலைந்தால் அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயரில்லை. உலக சுகாதார அமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட உலக அறிக்கையின் முதல் பரிந்துரையே, பொறுப்பேற்கும் தலைமை அமைப்பு ஒன்றை அரசு அடையாளம் காட்ட வேண்டும் என்பதுதான். அந்த அமைப்புக்குச் சட்ட அதிகாரம், தனி நிதி, மற்றத் துறைகளிடமிருந்து தரவைக் கேட்டுப் பெறும் உரிமை மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கடிதம் எழுதும் அலுவலகமாகச் சுருங்கிவிடும். மேலே இருப்பவரின் மனஉறுதியும் பெரிய விஷயம். 2002இல் பிரான்ஸ் அதிபர் ஜாக் சிராக், தம் பதவிக்காலத்தின் முன்னுரிமைப் பணிகளில் ஒன்றாகச் சாலைப் பாதுகாப்பை அறிவித்தார். அடுத்த ஆண்டே தானியங்கி வேகக் கேமராக்கள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் மரணங்கள் பெருமளவில் இறங்கின.

நிதிக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஏற்பாட்டை எப்போதும் சுட்டிக்காட்டுவேன். வாகனப் பதிவோடு கட்டாயக் காப்பீட்டுத் தொகையையும் வாங்கி, சாலையில் காயமடைந்தவர்களின் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசு அமைப்பு அங்கே 1980களிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு முதுகெலும்புக் காயத்துக்கும் வாழ்நாள் முழுதும் பணம் கட்டுவது அதே அமைப்பு. ஆகவே தடுப்பு வேலிக்கும் பிரசாரத்துக்கும் பணம் போடுவது அதற்கே லாபம். கருணையை நம்பாமல் கணக்கை நம்பும் ஏற்பாடு என்பதால் ஆட்சி மாறினாலும் நிற்கிறது.

அபராதத்தைப் பற்றி: தொகையை உயர்த்துவதைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயத்தை உயர்த்துவதுதான் நடத்தையை மாற்றுகிறது. 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யத் தொடங்கியது. மரணங்கள் உடனே குறைந்தன. காரணம் எளிது: இன்றிரவு எந்தத் தெருமுனையிலும் நிறுத்தப்படலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். வியட்நாம் 2007 டிசம்பர் 15 அன்று இருசக்கர வாகனத்தில் செல்லும் எல்லோருக்கும் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நாள் முன்பே அறிவிக்கப்பட்டது, கண்காணிப்பு அன்றே தொடங்கியது. நகரங்களில் அணிபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். அந்த வெற்றியிலும் ஓட்டைகள் இருந்தன. சிறுவர்களுக்கு அணிவிக்காவிட்டால் அபராதம் விதிக்கச் சட்டத்தில் வழியில்லை, பிறகு திருத்தினார்கள். தரமற்ற ஹெல்மெட்டுகள் சந்தையை நிரப்பின. உங்கள் வரைவில் ஹெல்மெட் பற்றிய வரி இருந்தால், அதன் அருகிலேயே தரச்சோதனையும் குழந்தைகளுக்கான அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போது வரைவு முதலில் வைத்திருக்கும் கல்விக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது பலர் மனம் வருந்துகிறார்கள். பள்ளிகளில் உண்மையான அக்கறையோடு உழைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற ஓட்டுநர்களுக்குத் தரப்படும் மறுபயிற்சி விபத்தையோ காயத்தையோ குறைக்கிறது என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை. பள்ளியில் தரப்படும் வாகனப் பயிற்சி பற்றிய தொகுப்பு, அது இளைஞர்களை இன்னும் சீக்கிரம் உரிமம் எடுக்க வைக்கிறது என்றது. தனியாக நிற்கும் விழிப்புணர்வு வாரங்களும் பதாகைகளும் இதே கதிதான். பலன் தெரிவது வேறு விதத்தில்: மூச்சுச் சோதனை நடக்கிறது என்பதை ஊரெங்கும் சொல்லும்போது பிரசாரம் வேலை செய்கிறது. அமலாக்கத்தின் குரலாகப் பிரசாரத்தை வையுங்கள். இளம் ஓட்டுநர்களுக்கு நியூசிலாந்து 1987இல் கொண்டுவந்த படிப்படியான உரிம முறை நல்ல வழி. தொடக்கத்தில் இரவில் தனியாக ஓட்டவோ நண்பர்களை ஏற்றவோ தடை. அனுபவம் கூடக் கூடத் தளர்வு.

வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஏற்றுமதிக்கு ஒரு பாதுகாப்பு, உள்நாட்டுக்கு ஒரு பாதுகாப்பு என்று ஒரே மாதிரி காரைத் தயாரிக்க எந்த அரசும் அனுமதிக்கக் கூடாது. ஐ.நா. வாகன விதிகளை ஏற்பதும், இருசக்கர வாகனங்களுக்குச் அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காத பிரேக்கை (ஏ.பி.எஸ்.) கட்டாயமாக்குவதும் ஒரே அரசாணையில் முடியும் வேலைகள்.

விபத்துக்குப் பிறகான நேரம் வரைவில் ஆம்புலன்ஸ் வாங்குவதோடு முடிந்துவிடும். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் அங்கே நிற்பவர் யார்? வழிப்போக்கர், கடைக்காரர், லாரி ஓட்டுநர். உதவி செய்தால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டுமோ என்ற பயம் அவர்கள் கையைக் கட்டுகிறது. உதவுபவரைக் காக்கும் சட்டம், நாடு முழுதும் ஒரே அவசர எண், முன்பணம் கேட்காமல் சிகிச்சை தொடங்கும் கடமை ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

கடைசியாக, வரைவில் அநேகமாக இல்லாத ஒன்று. ஸ்வீடனும் பின்லாந்தும் ஒவ்வொரு உயிரிழப்பு விபத்தையும் நேரில் ஆராய்கின்றன. பின்லாந்தில் காவல் அதிகாரி, மருத்துவர், சாலைப் பொறியாளர், வாகன நிபுணர் ஆகியோர் கொண்ட குழு போகிறது. யாரைத் தண்டிப்பது என்பது அந்தக் குழுவின் கேள்வி கிடையாது. எது இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்பதே கேள்வி. உங்கள் நாட்டில் எல்லா மரணங்களையும் அப்படி ஆராய ஆள்பலம் இல்லாமல் இருக்கலாம். முதல் ஆண்டில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு நகரம் என்று தொடங்கலாம். அறிக்கை இத்தனை நாள்களுக்குள் வெளிவரும், சாலையை வைத்திருக்கும் துறை இத்தனை நாள்களுக்குள் எழுத்தில் பதில் தரும், இரண்டையும் யாரும் படிக்கலாம் என்று நாள்களை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே இறந்த அந்தச் சிறுமிக்காக, நிறுத்தத்தை அங்கே வைத்த அலுவலகம் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் எந்தத் தேதிக்குள் அதை மாற்றுவோம் என்று இருக்க வேண்டும்.